வெள்ளைக்கல்லும் சரக்கு ரயிலும்

சேலம் ஜங்ஷனைத் தாண்டி வடக்கே போனால் வருவது மேக்னசைட் ஜங்ஷன். தாதுவின் பெயரையே சூடிக்கொண்ட ஸ்டேஷன், நம் கொங்குச் சீமையின் பெருமை.

இங்கே டூனைட் என்ற எரிமலைக்குழம்புப் பாறைக்குள் நரம்புபோல் ஓடுகிறது வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட். வெட்டியதை அப்படியே ரயிலேற்றுவது வீண் செலவு. சுத்தமான மேக்னசைட் 1000 கிலோவைச் சூளையில் சுட்டால் கரியமில வாயு போய், மிஞ்சுவது சுமார் 478 கிலோ. பாதிக்கு மேல் ரயில் வாடகை மிச்சம்!

சுடுவதிலும் இரண்டு வகை. 700 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வரை சுட்டது ஈரத்தை இழுக்கும். மழையில் நனைந்தால் ஹைட்ராக்சைடாகி உப்பி, மூட்டையைக் கிழித்துவிடும். அதனால் மூடிய வேகன்தான் சரி. 1500 டிகிரிக்கு மேல் சுட்டது லேசில் நீரேறாது. எஃகு உலையின் உள்பூச்சுக்கும் செங்கல்லுக்கும் போவது அதுவே. ஆனால் கல்லோடு சிலிக்கா (மணலில் இருக்கும் பொருள்) கலந்துவிட்டால் உலைச் சூட்டில் சீக்கிரம் இளகிவிடும். ஆகவே சூளைக்கு முன்னாலேயே கையால் பொறுக்கிப் பிரிப்பது மிக முக்கியம்.

அதற்கப்பால் ஓமலூர். அங்கே பிரியும் கிளைப்பாதை மேட்டூர் அணைக்குப் போகிறது; அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி போவதும் அதில்தான்.