பெட்டி 650 கிராம், பில் நாலரை கிலோ: ஓலைப் பெட்டியை ஆன்லைனில் விற்ற அனுபவம்

போன மாதக் கடைசியில் ஒருநாள் காலை கூரியர் ஆப்பைத் திறந்தேன். கட்டணத்துக்காக முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் வாலட்டில் 310 ரூபாய் இருந்திருக்க வேண்டும். மைனஸ் 1,614 என்று சிவப்பில் காட்டியது. ஏழு பார்சலுக்கு 'எடை வித்தியாசம்' என்று போட்டுப் பணத்தைக் கழித்திருந்தார்கள். அட்டைப்பெட்டியோடு சேர்த்து ஒவ்வொரு பார்சலும் 650 கிராம். பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்து நிறுத்த பிறகுதான் அனுப்பியிருந்தேன். அவர்கள் கணக்கில் ஐந்து பார்சல் தலா நாலரை கிலோ, மற்ற இரண்டும் 8.4 கிலோ. பார்த்ததும் கை நடுங்கிவிட்டது.

உடன்குடிப் பக்கத்து ஊர் எங்களுடையது. எங்கள் தெருவில் நாலைந்து பேர் பனை ஓலைப் பெட்டி முடைகிறார்கள். குருத்தோலையைக் காயவைத்து, வகிர்ந்து, சாயம் ஏற்றி முடைந்த பெட்டியை வியாபாரி வந்து அள்ளிக்கொண்டு போவார். அவர் கொடுக்கும் விலையைப் பார்த்து ஆற்றாமல்தான், நாமே நேராக விற்கலாம் என்று இறங்கினேன். ஒரு பெரிய ஆன்லைன் சந்தையில் ஒரு கடை, வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டர் தனி. படம் எடுப்பது, விலை போடுவது எல்லாம் இரண்டே நாளில் முடிந்துவிட்டது. பணம் கைக்கு வருவதிலும் பொருள் ஊர் போய்ச் சேருவதிலும்தான் ஆறு மாதம் அல்லாடினேன்.

முதல் முட்டுக்கட்டை இனிஷியல். சந்தையில் கடை திறக்கும்போது வங்கிக் கணக்கு எண் கேட்பார்கள். கொடுத்தால் சோதனைக்கு ஒரு ரூபாய் போடுவார்கள். அப்போது வங்கியிலிருந்து வரும் பெயரை பான் கார்டில் உள்ள பெயரோடு ஒத்துப் பார்ப்பார்கள். எனக்கு ஒரு ரூபாய் வந்துவிட்டது, எஸ்எம்எஸ்ஸும் வந்தது. ஆனால் திரையில் 'பெயர் பொருந்தவில்லை'. திரும்பத் திரும்ப முயன்றதில் எட்டு தடவை ஒரு ரூபாய் வந்ததே தவிர கடை திறக்கவில்லை.

காரணம் நம் ஊர்ப் பெண்கள் பலருக்கும் இருப்பதுதான். பான் கார்டுக்கு விண்ணப்பிக்கும்போது இனிஷியலை அப்படியே ஏற்க மாட்டார்கள், விரித்து எழுதச் சொல்வார்கள். அதனால் என் பானில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது. ஆதாரிலும் அப்படியே. வங்கிக் கணக்கோ கல்யாணம் ஆன புதிதில் திருநெல்வேலியில் தொடங்கியது, அதில் கணவர் பெயரின் இனிஷியல். இத்தனை வருடம் கேஸ் மானியம் முதல் எல்லாப் பணமும் அந்தக் கணக்கில்தான் விழுந்தது, யாரும் எதுவும் கேட்டதில்லை.

சரி, வங்கியில் மாற்றிக்கொள்வோம் என்று உள்ளூர்க் கிளைக்குப் போனேன். "கணக்கு இருக்கிற கிளைக்குத்தான் போகணும் மேடம்" என்றார்கள். பஸ் பிடித்துத் திருநெல்வேலி போனால் கதவு சாத்தியிருந்தது. அன்று இரண்டாவது சனிக்கிழமை. இரண்டாவது, நாலாவது சனி வங்கி விடுமுறை என்பது தெரிந்த விஷயம்தான், கிளம்புகிற அவசரத்தில் காலண்டரைப் பார்க்கவில்லை. அரை நாள் கூலியும் பஸ் செலவும் போனது.

மறு வாரம் போனபோது கவுன்டரில் இருந்தவர் என் தாள்களைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "பேர் மாத்தணும்னா கெஜட்ல போட்டுட்டு வாங்க" என்றார். "சார், நான் பேரை மாத்தலை. இனிஷியல் மட்டும்தான் வேற. கல்யாணச் சான்றிதழ் இருக்கு, பான் இருக்கு, ஆதார் இருக்கு" என்றேன். "ரூல் அப்படித்தான்" என்று அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. வெளியே வந்து படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, பானில் உள்ள பெயரும் கணக்கில் உள்ள பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கும் என்றும், கணக்கில் உள்ள பெயரைப் பானில் இருப்பதுபோலத் திருத்தித் தர வேண்டும் என்றும் கைப்பட எழுதினேன். எல்லா நகலையும் அதோடு இணைத்து, இரண்டு செட்டாக எடுத்துக்கொண்டு திரும்ப உள்ளே போனேன். இந்த முறை நேராக மேலாளர் அறைக்கு. "முடியாதுன்னா அதை எழுத்தில் கொடுத்துடுங்க சார், இல்லேன்னா என் நகலில் பெற்றுக்கொண்டோம்னு சீல் போட்டுக் கொடுங்க" என்றேன். அவர் தாளை வாங்கிப் படித்தார். கெஜட் பேச்சையே எடுக்கவில்லை. நாலாவது நாள் பெயர் திருத்தியாயிற்று. அன்று மாலை ஒன்பதாவது ஒரு ரூபாய் வந்தது, கடையும் திறந்தது.

எந்த வங்கியானாலும் வாய்ப்பேச்சில் திரும்பி வராதீர்கள். எழுதிக் கொடுங்கள், சீல் வாங்குங்கள். எழுதிக் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனில் புகார் செய்யலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. சீல் போட்ட நகல் அங்கே உதவும். இன்னும் கடை தொடங்காதவர்கள் முதலில் பான், ஆதார், பாஸ்புக் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து பாருங்கள்.

ஜிஎஸ்டி விஷயத்தில் அலைச்சல் இல்லை, ஆனால் ஏமாறப் பார்த்தேன். ஆன்லைனில் விற்றால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் என்று சொல்லி ஒரு ஏஜென்ட் 2,500 ரூபாய் கேட்டார். முன்பு அப்படித்தான் இருந்தது. 2023 அக்டோபர் 1 முதல் நிலைமை மாறிவிட்டது. தமிழ்நாட்டில் ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குள் இருக்கும், பொருள் விற்கும் சிறு வியாபாரிகள் பதிவு இல்லாமலே இந்தச் சந்தைகளில் விற்கலாம். ஜிஎஸ்டி தளத்தில் பான் கொடுத்து ஒரு என்ரோல்மென்ட் எண் மட்டும் வாங்க வேண்டும், அது இலவசம். நிபந்தனை ஒன்று உண்டு: சொந்த மாநிலத்துக்குள் மட்டுமே விற்க முடியும். பெங்களூரில் இருக்கும் என் சித்தி மகள் ஆப்பில் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, "அக்கா, உங்க பெட்டியே காட்ட மாட்டேங்குது" என்றாள். இதுதான் காரணம். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவும் அரசுத் தளத்தில் இலவசம்தான், அதற்கும் யாருக்கும் காசு கொடுக்காதீர்கள்.

இப்போது அந்த நாலரை கிலோவுக்கு வருகிறேன். கூரியரில் தராசு எடை மட்டும் கணக்கில்லை. அட்டைப்பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுப்பார்கள். அதிலும் தராசு எடையிலும் எது அதிகமோ அதற்குத்தான் பில். என் பெரிய பெட்டியின் பேக்கிங் 30க்கு 30க்கு 25. பெருக்கினால் 22,500, வகுத்தால் 4.5 கிலோ. ஒரு கிலோ என்று பதிந்து 78 ரூபாய் கட்டியிருந்தேன், அவர்கள் 286 ஆக்கிவிட்டார்கள். 450 ரூபாய்ப் பெட்டிக்கு 286 ரூபாய் கூரியர். இதை முடையும் ஆச்சியிடம் சொன்னபோது அவர் கையிலிருந்த ஓலையைக் கீழே வைத்துவிட்டார். "ஏளா, உள்ளே வெறும் காத்துதானே இருக்கு, அதுக்கா துட்டு?" என்று கேட்டார். ஆமாம், லாரியில் இடம் அடைப்பதற்குத்தான் துட்டு. லேசான, பெரிய சாமான் விற்கிறவர்களுக்கு, கூடையானாலும் தலையணையானாலும் பொம்மையானாலும், முதல் நாளே தெரிந்திருக்க வேண்டிய கணக்கு இது. எனக்கு யாரும் சொல்லவில்லை.

அந்த ஐந்து பார்சல் என் தவறு, விட்டுவிட்டேன். 8.4 கிலோ போட்ட இரண்டும் அநியாயம். அதே அளவு அட்டைப்பெட்டியை 40க்கு 35க்கு 30 என்று அளந்திருந்தார்கள். ஆப்பிலேயே ஆட்சேபம் போடலாம், ஆனால் கழித்த நாளிலிருந்து ஏழு நாள்தான் கெடு. அளவு நாடா வைத்து எடுத்த படமும் தராசில் வைத்த படமும் கேட்கிறார்கள். ஒரு பார்சலுக்கு மட்டும் தற்செயலாகப் படம் இருந்தது. வாங்கியவருக்குக் காட்டுவதற்காக, தையல் டேப் பக்கத்தில் கிடக்க எடுத்தது. அதை ஏற்றி, 4.5 கிலோவுக்கு மேல் எடுத்திருந்ததைத் திருப்பித் தந்தார்கள். 234 ரூபாய்தான், ஆனால் அன்று எனக்கு அது பெரிய தொகை.

அதற்குப் பிறகு பேக்கிங்கையே மாற்றினோம். சின்னப் பெட்டிக்கு வாங்கிய அட்டை 15க்கு 15க்கு 12. கணக்குப் போட்டால் 540 கிராம் வரும். 500 கிராமைத் தாண்டியதால் அடுத்த படிக்கான கட்டணம். ஓலைப் பெட்டி மூடியோடு பத்தரை சென்டிமீட்டர்தான். அட்டையின் நாலு மூலையிலும் பிளேடால் ஒரு சென்டிமீட்டர் கீறி, மடிப்பை இறக்கி ஒட்டினேன். உயரம் 11, கணக்கு 495 கிராம். ஒட்டும்போது மேல்பக்கம் உப்பிவிடக் கூடாது, உப்பினால் அந்த ஒரு சென்டிமீட்டர் திரும்ப வந்துவிடும். பெரிய பெட்டியைத் தனியாக விற்பதையே நிறுத்திவிட்டோம். ஆச்சியும் மைனியும் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் ஐந்து அளவில் முடைந்து தருகிறார்கள். அதே 30க்கு 30க்கு 25 அட்டை, அதே 286 ரூபாய், உள்ளே 1,350 ரூபாய் செட். மழைக்காலத்தில் மட்டும் முடைந்த கையோடு அடைக்காதீர்கள். நல்ல வெயிலில் ஒரு நாள் போட்டு எடுக்காமல் பிளாஸ்டிக்கில் சுற்றினால் போய்ச் சேருவதற்குள் பூஞ்சை பிடித்துவிடும்.

தனியார் கூரியர் போகாத ஊருக்கு அஞ்சலகம்தான் கை கொடுத்தது. பழைய வாடிக்கையாளர்கள் இன்னும் 'ரிஜிஸ்டர் போஸ்ட்டில் அனுப்புங்க' என்கிறார்கள். 2025இல் அது ஸ்பீட் போஸ்டோடு சேர்ந்துவிட்டது. ரசீதில் உள்ள 13 எழுத்து எண்ணைப் படம் எடுத்து அனுப்பிவிட்டால் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள்.

கேஷ் ஆன் டெலிவரி பற்றி எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. முதல் மாதம் வாட்ஸ்அப்பில் வந்த பத்து ஆர்டரில் நாலு திரும்பி வந்தது. போகிற கட்டணம், வருகிற கட்டணம் இரண்டும் நம் தலையில். ஈரோட்டுக்குப் போன ஒன்று 'வாடிக்கையாளர் வீட்டில் இல்லை' என்று மூன்று தடவை பதிவாகித் திரும்பியது. அந்த அம்மாவுக்கு போன் செய்தேன். "நான் மூணு நாளா வீட்டை விட்டு நகரவே இல்லைங்க, யாரும் வரவே இல்லை" என்றார். இப்போது முதல் தடவை 'இல்லை' என்று வந்ததுமே நானே வாடிக்கையாளரை அழைத்து, ஆப்பில் அன்றே மறு டெலிவரி போட்டுவிடுகிறேன். வாட்ஸ்அப் ஆர்டருக்கு 100 ரூபாய் முன்பணம் இல்லாமல் அனுப்புவதில்லை. இந்த 100 ரூபாய் வந்த பிறகு திரும்பி வருவது கிட்டத்தட்ட நின்றுவிட்டது. உண்மையாக வாங்குகிறவர் யாரும் தர மறுத்ததில்லை.

யுபிஐயில் கட்டணம் இல்லை, பணமும் உடனே கணக்கில் விழுகிறது. ஆனால் ஒரு செட்டைப் பறிகொடுத்ததும் அதில்தான். 1,350 ரூபாய் அனுப்பியதாகப் பச்சை டிக்கோடு ஸ்கிரீன்ஷாட் வந்தது. 'நாளைக்கே விசேஷம், இன்னிக்கே அனுப்புங்க' என்று அவசரப்படுத்தினார்கள். அனுப்பிவிட்டேன். இரவு கணக்கைப் பார்த்தால் பணமே வரவில்லை, அந்த எண்ணும் அணைக்கப்பட்டிருந்தது. படத்தை நம்பாதீர்கள். நம் வங்கி ஆப்பில் தொகையும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணும் தெரிந்தால்தான் பணம் வந்ததாக அர்த்தம். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் (PIN) எண் போடவே தேவையில்லை, போடச் சொன்னால் அது திருட்டு. இப்படி ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள். நான் இரண்டு நாள் கழித்துத்தான் அழைத்தேன்.

வாலட்டில் மைனஸாக நின்ற தொகையை, எனக்கு வரவேண்டிய கேஷ் ஆன் டெலிவரிப் பணத்தில் பிடித்துக்கொண்டார்கள். 8.4 கிலோ போட்ட மற்றொரு பார்சலுக்குப் படம் இல்லாததால் அந்த 234 ரூபாய் போனது போனதுதான். இப்போது ஒட்டி முடித்த ஒவ்வொரு பார்சலுக்கும் நாலு படம்: நீளம், அகலம், உயரம், தராசு. இன்று காலை கோயம்புத்தூருக்குப் போன செட்டின் படங்களை ஆச்சிதான் டேப்பைப் பிடித்துக்கொள்ள எடுத்தேன்.