டூங்காபி வீட்டுக் குறிப்புகள்

மார்ச் 2, 2024, சனி

மேற்கு சிட்னியின் டூங்காபியில் இன்று பார்த்த வீடு எங்கள் கைக்கு எட்டும் விலையில் இருக்கிறது. ரயில் நிலையத்துக்கு நடந்தே போகலாம். பின்புறம் முருங்கையும் கறிவேப்பிலையும் வைக்க இடம் தாராளம். 1950களில் கட்டியது. வெளிச்சுவர் முழுக்க ஃபைப்ரோ, அதாவது சிமென்டில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்து அழுத்திய தகடு. அதன் இழையைச் சுவாசித்தால் பின்னாளில் புற்றுநோய் வரலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு செங்கல்லுக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தில், மேற்கு சிட்னியில் தெருத் தெருவாக இதை வைத்தே வீடு எழுப்பினார்கள்.

ஏஜென்ட் எங்களைச் சமையலறைக்கும் தோட்டத்துக்கும் இழுத்துக்கொண்டே இருந்தார். எனக்குக் கண் இறவாணத்தின் அடித்தகட்டில்தான் நின்றது. ஜனவரியில் சிட்னியின் ரோசெல் பூங்காவின் மண் மூடாக்கில் கல்நார்த் துண்டு அகப்பட்டதிலிருந்து ஊரே இதைத்தான் பேசுகிறது. அடுத்தடுத்துப் பூங்காக்களை அடைத்தார்கள், பள்ளியைக்கூட மூடினார்கள். இந்த நேரத்தில் இப்படி ஒரு வீடா என்று என் கணவர் தயங்குகிறார். நான் வேறு விதமாக நினைக்கிறேன். இந்தப் பக்கத்தில் 1990க்கு முன் கட்டிய வீடு எதை வாங்கினாலும் கல்நார் எங்காவது இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் போக வேண்டும். எங்கே இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்பது தெரிந்தால் போதும், முடிவெடுக்கலாம்.

மார்ச் 7, வியாழன்

ஒப்பந்தம் கைமாறியது. ஏலத்தில் வாங்கியிருந்தால் பின்வாங்க வழியே கிடையாது. இது நேரடி விற்பனை என்பதால் ஐந்து வேலை நாள் அவகாசம் உண்டு. அதற்குள் வேண்டாம் என்றால் விலையில் 0.25 சதவீதம் போகும், அவ்வளவுதான். அடுத்த வியாழன் மாலை ஐந்து மணி வரை எங்கள் கையில்.

வக்கீல் ஒப்பந்தத்தோடு இருந்த நகராட்சிச் சான்றிதழைப் புரட்டி, உதிரிக் கல்நார் பதிவேட்டில் இந்த வீடு இல்லை என்று காட்டினார். சிமென்டில் கலக்காத அந்த உதிரிக் கல்நார்தான் பெரிய கண்டம். கான்பெராவில் 1968 முதல் 1979 வரை ‘மிஸ்டர் ஃபிளஃபி’ என்ற பெயரில் வீட்டுக் கூரைக்குள் கல்நாரைப் பஞ்சுபோல ஊதி நிரப்பினார்கள். அந்த வீடுகளைப் பின்னாளில் சுத்தம் செய்து பார்த்தும் இழை போகவில்லை. கடைசியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை அரசே வாங்கி இடிக்க வேண்டியதாயிற்று.

மார்ச் 8, வெள்ளி

கட்டடப் பரிசோதனை அறிக்கை வந்தது. கரையான் இல்லை, அஸ்திவாரத் தூண்கள் நேராக நிற்கின்றன. கல்நாரைப் பற்றி ஒரே ஒரு வரி: இருக்கக்கூடும், இந்தப் பரிசோதனையில் அது அடங்காது. வீடு வாங்குபவர்கள் பலர் இந்த வரியைப் படித்தும் பரிசோதனை முடிந்துவிட்டது என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அதற்குத் தனி ஆள், தனிக் கட்டணம். கண்ணால் பார்த்து எவராலும் அடித்துச் சொல்ல முடியாது. மாதிரி எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும். மாதிரி எடுக்கச் சுவரைச் சிறிது உடைக்க வேண்டும் என்பதால் வீட்டுக்கார அம்மாவின் சம்மதம் கேட்டிருக்கிறோம்.

மார்ச் 11, திங்கள்

அந்த அம்மா சம்மதித்தது மட்டுமல்ல, தானே கூட வந்து எல்லாவற்றையும் காட்டினார். இந்த வீட்டை அவர் கணவர் வார இறுதிகளில் தன் கையாலேயே கட்டினாராம். தகட்டைக் கைரம்பத்தால் அறுப்பாராம், தூளை இவர் பெருக்குவாராம். வேறொன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மாதிரி எடுக்க வந்த பெண் ஒருமுறை மட்டும் போடும் மேலங்கியும் பி2 முகக்கவசமும் போட்டுக்கொண்டார். கீழே பிளாஸ்டிக் விரித்தார். எடுக்கும் இடத்தில் தண்ணீரைத் தெளித்து ஊறவிட்டு, குறட்டால் சுண்டுவிரல் நகம் அளவு ஒரு முனையைக் கிள்ளினார். துண்டு இரண்டு பைகளுக்குள் போயிற்று. கிள்ளிய இடத்தில் உடனே பெயின்ட். தூள் பறக்கவே இல்லை. கிள்ளிய துண்டின் பின்பக்கத்தை விளக்கில் பிடித்துக் காட்டினார்: கோல்ஃப் பந்துபோலச் சின்னச் சின்னக் குழிகள். பழைய தகட்டுக்கு அது ஓர் அடையாளம் என்றார்.

வெளிச்சுவர், இறவாணம், குளியலறைச் சுவர், மின்மீட்டருக்குப் பின்னால் இருக்கும் கருப்புப் பலகை எல்லாம் எடுத்தாயிற்று. கிளம்பும்போது சமையலறைத் தரையின் மூலையைக் காலால் தொட்டு, “இதன் அடியையும் பார்த்துவிடலாமா?” என்று கேட்டார். மஞ்சள் பூப்போட்ட பழைய வினைல் விரிப்பு. சரி என்றேன்.

மார்ச் 12, செவ்வாய்

விழுப்புரத்துக்குப் பேசினேன். வெயில் ஏறுவதற்குள் சமையல்கட்டுக் கூரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பாசியை எடுத்துவிட்டு வெள்ளை அடிக்கப் போவதாக அப்பா சொன்னார். அதுவும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்தான்.

“தேய்க்காதீர்கள் அப்பா. காய்ந்த ஷீட்டைத் தேய்த்தால் இழை காற்றில் வரும்.”

“நாற்பது வருடமாக இதன் கீழே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம். என்ன ஆகிவிட்டதும்மா?”

கீழே உட்கார்வதில் அல்ல, மேலே தேய்ப்பதில்தான் ஆபத்து என்றேன். நுரையீரல் உறையில் வரும் மீசோதெலியோமா என்ற புற்றுநோய், இழையைச் சுவாசித்து இருபது, முப்பது, சமயத்தில் ஐம்பது வருடம் கழித்தும் தலைகாட்டும். அதனால்தான் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று தோன்றுகிறது. கூரையில் ஏறினால் ஷீட் உடைந்து உள்ளே விழும் ஆபத்து வேறு. பாசி இருந்துவிட்டுப் போகட்டும் என்று கெஞ்சிக் கேட்டேன். சரி என்றார்.

ஆஸ்திரேலியா 2003 டிசம்பர் 31இல் எல்லா வகைக் கல்நாரையும் தடை செய்துவிட்டது. இந்தியாவில் இறக்குமதியும் ஷீட் உற்பத்தியும் இன்றும் சட்டப்படி நடக்கின்றன. இலங்கையோ 2018 ஜனவரியிலிருந்து கட்டுப்படுத்துவதாக இருந்தது. 2017 டிசம்பரில் ஒரு வண்டைக் காரணம் காட்டி, கல்நார் ஏற்றுமதி செய்யும் ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. சில நாட்களிலேயே கொழும்பு அந்தக் கட்டுப்பாட்டைக் கைவிட்டது. எழுதும்போதே கோபம் வருகிறது.

மார்ச் 13, புதன்

முடிவு வந்துவிட்டது. வெளிச்சுவரில் வெள்ளை, பழுப்பு இரண்டு வகைக் கல்நாரும் இருக்கின்றன. இறவாணத்திலும் மீட்டர் பலகையிலும் உண்டு. குளியலறைச் சுவரில் இல்லை, அதை எப்போதோ மாற்றியிருக்கிறார்கள். இவ்வளவும் எதிர்பார்த்ததே. சிமென்ட் இழையை இறுக்கிப் பிடித்திருக்கிறது, பெயின்ட் முழுதாக இருக்கிறது. அறுக்காமல், துளையிடாமல், தேய்க்காமல், அழுத்த நீரைப் பீய்ச்சிக் கழுவாமல் இருந்தால் அது அப்படியே இருக்கலாம்.

வயிற்றைக் கலக்கியது சமையலறை விரிப்புதான். அதன் அடியில் ஒட்டியிருக்கும் காகிதம் போன்ற படலம் கல்நார், அதுவும் கையால் கசக்கினாலே பொடியாகும் வகை. கொழுந்தன் போன வாரம்தான், “சாவி வரட்டும் அண்ணி, ஒரு சனிக்கிழமையில் அந்த வினைலை உரித்துச் சுரண்டிவிடலாம்” என்று உற்சாகமாகச் சொல்லியிருந்தார். பெரியவன் தானும் சுரண்டுவதாகக் குதித்தான். எல்லோரும் பயந்தது வெளிச்சுவருக்கு. ஆபத்து காலடியில் இருந்திருக்கிறது.

சுரங்கத்திலும் ஆலையிலும் இருந்தவர்கள் முதல் அலை, தச்சரும் கொத்தனாரும் இரண்டாவது, சொந்த வீட்டைப் புதுப்பித்தவர்கள் மூன்றாவது என்று இங்கே நோயாளிகளை வகைப்படுத்துகிறார்கள். பக்கத்தில் பாரமட்டாவை ஒட்டிய கமீலியாவில்தான் கல்நார்ப் பொருள்கள் செய்த ஜேம்ஸ் ஹார்டி ஆலை இருந்தது. அங்கே வேலை பார்த்த பெர்னி பான்டன், தன்னைப்போல் நோயுற்றவர்களின் இழப்பீட்டுக்காக மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு போராடி 2007 நவம்பரில் இறந்தார். அந்த மனிதர்கள் மூச்சைக் கொடுத்து வாங்கிய சட்டங்கள்தான் இன்று என் பிள்ளையைக் காக்கின்றன. அவற்றை வீண் கெடுபிடி என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது.

மார்ச் 14, வியாழன்

சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநில விதிப்படி, சிமென்டில் இறுகிய தகடு பத்து சதுர மீட்டருக்குமேல் என்றால்தான் அகற்ற உரிமம் கட்டாயம். பொடியாகும் வகைக்கு ஒரு சாண் என்றாலும் ‘ஏ’ வகுப்பு உரிமம் வேண்டும். அந்த உரிமம் உள்ளவரிடம் வாங்கிய விலைப்பட்டியலை ஆய்வக அறிக்கையோடு சேர்த்து வக்கீல் அனுப்பினார். நாலு மணிக்குப் பதில் வந்தது. அகற்றும் செலவு முழுவதையும் விலையில் குறைத்துக்கொள்ள அந்த அம்மா ஒப்புக்கொண்டார். வாங்குகிறோம்.

மே 1, புதன்

ஏப்ரல் 19இல் சாவி வந்தது. குடிபோகவில்லை. வேலை தொடங்க ஐந்து நாளுக்கு முன்பே பணிப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான சேஃப்வொர்க்குக்குத் தகவல் கொடுக்க வேண்டும் என்பதால் திங்கட்கிழமைதான் ஆட்கள் வந்தார்கள். சமையலறையைப் பிளாஸ்டிக்கால் அறைபோல அடைத்து, உள்ளிருக்கும் காற்று வடிகட்டி வழியாக மட்டும் வெளியேறும்படி விசிறி வைத்தார்கள். வெளியே காற்றில் இழை கலக்கிறதா என்று அளக்கும் கருவி ஓடியது. கழிவை இரட்டை பிளாஸ்டிக்கில் சுற்றி, எச்சரிக்கை ஒட்டி, அனுமதி பெற்ற கிடங்குக்குக் கொண்டுபோனார்கள்.

இன்று சுத்தச் சான்றிதழ் கிடைத்தது. அகற்றியவர்களே தங்களுக்குக் கொடுத்துக்கொள்ளக் கூடாது; தொடர்பில்லாத, உரிமம் பெற்ற மதிப்பீட்டாளர் வந்து, பார்த்து, கையெழுத்திட வேண்டும். வந்தவர் டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்து ஒவ்வொரு பலகை இடுக்காகப் பார்த்தார்.

மே 4, சனி

எலெக்ட்ரீஷியன் வந்தார். தமிழ்ப் பையன், இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். துளைக்கும் கருவியை எடுப்பதற்கு முன் அறிக்கையைக் கையில் கொடுத்தேன். மீட்டர் பலகைப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். பல வீடுகளில் கேட்டாலும் தெரியாது என்பார்களாம், இவர் அனுமானத்தில் வேலை செய்வாராம். அந்தப் பலகையில் துளைபோடாமல், புதிய உலோகப் பெட்டியைத் தனியாக நிறுத்தலாம் என்றார். பழையதை அகற்ற உரிமம் உள்ளவரோடு வருவார். பெட்டிக்கு 600 டாலர் கூடுதல். சரி என்றேன். வியாழக்கிழமை வருகிறார்கள்.