ஒரு கிரவுண்டும் ஒரு பரப்பும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை எங்கள் தெருச் சங்கத்துச் செயலாளர் மனுவோடு வீடு வீடாக வந்தார். தோட்டத்துக் கேட்டைப் பூட்டிவிட்டார்கள், திறந்துவிடச் சொல்லி மாநகராட்சிக்கு மனு. கீழ் வீட்டில் இரண்டு கையெழுத்து, எதிர் வீட்டில் மூன்று என்று வாங்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தவர், நான் பேனாவோடு வருவதைப் பார்த்ததும் தாளைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அக்கா, நீங்க போட வேணாம். வோட்டர் ஐடி இருக்கறவங்க போட்டாப் போதும். நாளைக்கு எதிர்ப் பார்ட்டி எதையாவது கிளப்பிவிட்டா, ஸ்டேஷன்ல உங்களுக்குத்தான் கஷ்டம்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருடைய பிள்ளைக்குச் சளி பிடித்தால் தூதுவளை கேட்டு வருவது என்னிடம்தான். என்மேல் அக்கறை இருப்பதால்தான் சொன்னார், அது எனக்குத் தெரியும். ஆனால் அந்தத் தோட்டத்தில் பதினொரு பாத்தி இருக்கிறது, அதில் ஏழு நான் கொத்தியது. பேனா மூடியைப் போட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை, தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

நான் 2007இல் சென்னைக்கு வந்தேன். வளசரவாக்கம் பக்கம்தான் வீடு, எங்கள் ஆட்கள், இலங்கைத் தமிழர்கள், நிறையப் பேர் இருப்பது அங்கேதானே. ஊர் யாழ்ப்பாணத்தில் வயாவிளான். 1990 ஜூனில் போர் வந்து எல்லாரும் எழும்பி ஓடியபோது எனக்குப் பதினாலு வயது. அப்புறம் சுன்னாகம், சாவகச்சேரி, கொழும்பு, கடைசியில் இங்கே. அகதி முகாமில் இல்லாமல் வெளியில் இருப்பதால் காவல் நிலையத்தில் பதிவு. 2019 குடியுரிமைத் திருத்தத்திலும் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான்தான் இருந்தன, இலங்கை இல்லை. அதனால் பதினெட்டு வருடமாக வரிசையில் நின்று பால் வாங்கி, வெள்ளத்தில் நனைந்து, 2019 கோடையில் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தும், தேர்தல் அன்று மட்டும் நான் வீட்டுக்குள்தான்.

தோட்டத்தின் கதையைச் சொல்கிறேன். இடம் நாலு கிரவுண்டு. நம் ஆட்களுக்குப் பரப்புக் கணக்குத்தான் விளங்கும், எனக்கும் அப்படித்தான். ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி. பதினாறு பரப்பு ஒரு ஏக்கர் என்பதால் பரப்பு அதைவிடக் கொஞ்சம் பெரிது, 2700 அடிக்கு மேலே வரும். ஆக அந்த இடம் மூன்றரைப் பரப்பு. ஊரில் அப்பாவின் தறை, தோட்ட நிலம், ஆறு பரப்பு. இங்கே வந்த நாளிலிருந்து யாராவது வீட்டு மனை பற்றிப் பேசினால் என் மனம் தானாகவே பரப்பாக மாற்றிக்கொள்ளும், அதை நிறுத்த முடியவில்லை.

மனை போட்டு விற்கும்போது பெரிய இடமாக இருந்தால் பத்தில் ஒரு பங்கைப் பூங்காவுக்கென்று ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. எங்கள் நகர் பிரித்தது எண்பதுகளில், இந்தப் பகுதி சென்னை மாநகராட்சிக்குள் வந்தது 2011இல். வரைபடத்தில் அந்த இடத்தில் 'பூங்கா' என்று இருக்கிறது. தானப் பத்திரத்தைத்தான் காணோம். எழுதவே இல்லையா, எழுதியது பழைய அலுவலகத்திலிருந்து புதிய அலுவலகத்துக்குக் கோப்பு மாறும்போது போய்விட்டதா, யாருக்கும் தெரியாது. விற்றவருடைய வாரிசுகள் பட்டா எங்கள் பெயரில் என்கிறார்கள், அலுவலகம் பார்க்கலாம் என்கிறது. நடுவில் அது குப்பை மேடாகக் கிடந்தது. 2016 டிசம்பர் வர்தா புயலில் எங்கள் தெருவில் சாய்ந்த மரங்களை அறுத்துக் கொண்டுபோய் அங்கேதான் போட்டார்கள்.

அந்தக் கட்டைகளை ஒதுக்கப் போன நாலைந்து பேரில்தான் தோட்டம் தொடங்கியது. இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அம்மா, ஓய்வு பெற்ற சர்வேயர் ஐயா, எதிர் வீட்டுப் பிள்ளை, நான். மண் என்று சொல்ல முடியாது, பாதி செங்கல், பாதி களி. எங்கள் ஊர்ச் செம்மண்ணைத் தொட்ட கைக்கு அது பெரிய துக்கம். மண்வெட்டி 'ணங்' என்று சத்தம் போடும்போதெல்லாம், வயாவிளான் மண்ணில் மழைக்கு மறுநாள் மண்வெட்டி எப்படி இறங்கும் என்ற நினைப்பு வந்துவிடும், புட்டுக்குள் விரல் போகிற மாதிரி.

அப்போதுதான் அப்பா குழை தாழ்த்தது ஞாபகம் வந்தது. பூவரசங் குழையை வெட்டிப் பாத்திக்கு அடியில் போட்டு மண்ணால் மூடுவார், ஒரு மாரி போனால் எல்லாம் உரம். இங்கே பூவரசுக்கு எங்கே போவது? ஆனால் சென்னைத் தெருவெல்லாம் புங்கமரம். மழைக்காலத்துக்கு முன் மின்வாரிய ஆட்கள் கம்பியில் இடிக்கும் கிளைகளை வெட்டிப் போட்டுவிட்டுப் போவார்கள். அதையெல்லாம் இழுத்து வந்து தாழ்த்தோம். "இன்னாக்கா, பொணம் பொதைக்கிற மாதிரி பொதைக்கிறே" என்று இஸ்திரி அம்மா சிரித்தாள். அடுத்த தையில் அந்தப் பாத்தியில் கத்தரி இடுப்பளவு நின்றது. அதற்குப் பிறகு லைன்மேன் எந்தத் தெருவில் வெட்டுகிறார் என்று எனக்கு முதலில் போன் பண்ணுவது அவள்தான்.

இரண்டு ஊருக்கும் ஒரே வடகிழக்குப் பருவமழை என்பது எனக்கு ஒரு பெரிய ஆறுதல். ஐப்பசி பிறந்து வானம் கறுத்தால் அங்கேயும் கறுத்திருக்கும். இங்கே முதல் மழை விழுந்த அன்று பெரியம்மாவின் மகனுக்கு, அண்ணா என்றுதான் கூப்பிடுவேன், போன் பண்ணுவேன். "இஞ்சையும் துமிக்குது" என்பார். அவ்வளவுதான் பேச்சு.

பெயர்களில்தான் தினமும் சிரிப்பு. நான் பப்பாசி என்பேன், அவர்கள் பப்பாளி. நான் கச்சான் போடலாம் என்றால் வேர்க்கடலையா என்று கேட்பார்கள். பயித்தங்காய் என்றால் யாருக்கும் விளங்காது, காராமணி என்று சொல்ல வேண்டும். சர்வேயர் ஐயா ஒரு நாள் முழுக்க என் சொற்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனார்.

ஆடி முதல் நாள் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. ஆடிப்பிறப்புக்குக் கூழ் காய்ச்சிக் கொண்டுவருகிறேன் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். அவர்களுக்கு ஆடிக் கூழ் என்றால் மாரியம்மன் கோவில் கேழ்வரகுக் கூழ்தானே, இஸ்திரி அம்மா ஒரு கிண்ணத்தில் சின்ன வெங்காயம் உரித்து, கருவாடு வறுத்து எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். நான் கொண்டுபோனது தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் பயறும் போட்ட இனிப்புக் கூழ். ஒரு வாய் குடித்துவிட்டு, கடிக்க வெங்காயத்தையும் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள் பாருங்கள். "அக்கா, இது பாயாசம்!" பிறகு மூன்று டம்ளர் குடித்தாள். கருவாட்டை நான் வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவுக்குக் கொடுத்தேன். அடுத்த வருடத்திலிருந்து இரண்டு கூழும்.

அம்மாவுக்குத்தான் சென்னையின் பூங்காக்கள் பிடிபடவே இல்லை. நாங்கள் வந்த வருடம் கதீட்ரல் ரோட்டில் டிரைவ்-இன் ஹோட்டல் இருந்தது, 2008இல் மூடி, 2010இல் அதே இடத்தில் செம்மொழிப் பூங்கா வந்தது. கூட்டிக்கொண்டு போனேன். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்து, "எல்லாம் வடிவாத்தான் இருக்கு பிள்ளை. ஆனா ஒண்டையும் தொட ஏலாதாம்" என்றாள். எங்கள் பக்கத்துச் சிறு பூங்காவிலும் அப்படித்தான், சுற்றி நடக்கலாம், புல்லில் கால் வைக்கக் கூடாது. முதன்முதலாகத் தோட்டத்துக்குக் கூட்டி வந்தபோது அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நேரே பாத்திக்குள் இறங்கிவிட்டாள், எழுபது வயதுக்கு மேல். சாயங்காலம் வரை வெளியே வரவில்லை.

பூட்டுப் போட்ட அன்று சர்வேயர் ஐயாவுக்கு வந்த கோபத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. கோட்டூர்புரத்தில் அடையாற்றுக் கரைக் குப்பை மேட்டை 2006இலிருந்து ஆட்கள் கூடி மரப் பூங்காவாக ஆக்கவில்லையா என்றார். கிண்டியில் 2024 செப்டம்பரில் அரசு ரேஸ் மைதானம் 160 ஏக்கரையே மீட்கிறேன் என்று இறங்கியது, நம்முடைய நாலு கிரவுண்டுக்கு ஒரு பழைய பத்திரத்தைத் தேட ஆள் இல்லையா என்றார். 1991இல் பெங்களூரு வழக்கில், பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதையும் அவர்தான் சொன்னார். பேசும்போது கை நடுங்கியது. வாழ்நாள் முழுக்கச் சங்கிலி பிடித்து மற்றவர் எல்லையை அளந்த மனிதர்.

சரி, எனக்கு இந்த ஊர் பழகிவிட்டது என்று நான் யாரிடமும் சொல்வேன். பஸ் நம்பர் எல்லாம் மனப்பாடம், ஆட்டோவில் பேரம் பேசுவேன், சாம்பார் இல்லாமல் இட்லி இறங்காது. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பூட்டிய கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தபோது பயித்தங்கொடி தண்ணீர் இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது, கத்தரி இலை சுருண்டிருந்தது, நீர்க்குழாய் பத்தடி தூரத்தில். அந்த நேரத்தில் நான் வளசரவாக்கத்தில் நிற்கவில்லை.

ஊரில் எங்கள் காணி இன்னும் ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள். மயிலிட்டித் துறைமுகத்தை 2017இல் விட்டார்கள், அங்கங்கே துண்டு துண்டாக விட்டார்கள், எங்களுடையது அதில் வரவில்லை. 2025 ஏப்ரலில் வயாவிளான் பலாலி வீதியைத் திறந்தார்கள், முப்பத்து நாலு வருடத்துக்குப் பிறகு. அப்போது வாகனத்தில் போகலாம், இடையில் நிற்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது என்றிருந்தது. அண்ணா பஸ்ஸில் போனார். எங்கள் ஒழுங்கை, அந்தச் சின்னச் சந்து, அதன் முகப்பைக் கடக்க எத்தனை விநாடி ஆகியிருக்கும்? இரவு போன் எடுத்து, "வீடு தெரியேல்லை. பத்தையாக் கிடக்கு. ஆனா பலா நிக்குது, உங்கட பலாதான், வளைஞ்ச கொப்பு" என்றார். அம்மா போனை வாங்கி, காய் இருக்கோ என்று கேட்டாள். பஸ் நிற்கவில்லை மாமி என்றார்... இல்லை, சித்தி என்றார், அழுகையில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

எங்களிடம் உறுதி இருக்கிறது, இங்கே பத்திரம் என்பார்களே அது, அம்மாவின் சீதன உறுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு அலுமாரியில். இங்கே பத்திரம் இல்லாத இடத்தில் பாத்தி கட்டினேன், அங்கே பத்திரம் இருக்கிற இடத்தில் கால் வைக்க முடியாது. கேட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன், தெருவில் போனவர்கள் பார்த்திருப்பார்கள்.

மனுக் கொடுத்த இரண்டாவது வாரம் சர்வேயர் ஐயா வீட்டுக்கு வந்தார். நான் கையெழுத்துப் போடாத விஷயம் அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அரசியல் சட்டத்தில் உயிருக்கும் சுதந்திரத்துக்குமான 21ஆம் பிரிவில் குடிமகன் என்ற சொல் இல்லை, எந்த மனிதருக்கும் என்றுதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அதை வைத்து உங்களை மாட்டிவிட மாட்டேன், பயப்படாதீங்க அம்மா என்றும் சொன்னார். பிறகு கேட்டார், நீங்க ஒரு நோட்டு வச்சிருப்பீங்களே?

இருக்கிறது. 2017 தையிலிருந்து என்ன விதைத்தேன், எப்போது குழை தாழ்த்தேன், எத்தனை கிலோ காய்த்தது, எந்த வீட்டுக்கு எவ்வளவு கொடுத்தேன் எல்லாம் தேதியோடு எழுதிய இருநூறு பக்க நோட்டு. அப்பாவும் அப்படித்தான் புகையிலைக் கணக்கு எழுதுவார். வக்கீலிடம் போகும்போது, எட்டு வருடமாக அந்த இடத்தைத் தெருவே பயன்படுத்துகிறது என்று காட்ட இதைவிட நல்ல தாள் கிடைக்காது என்றார் ஐயா. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார். ஓரிடத்தில் விரலை வைத்து, "இந்தப் பயித்தை பயித்தைன்னு வர்ற இடமெல்லாம் காராமணின்னு திருத்திடலாமா? கோர்ட்டுல புரியாது" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் அம்மா அடுக்களையிலிருந்து சொன்னாள், "அது பயித்தைதான். பக்கத்தில வேணுமெண்டா காராமணி எண்டு எழுதுங்கோ."

ஐயா சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, ஒவ்வொரு பயித்தைக்குப் பக்கத்திலும் சின்ன எழுத்தில் எழுதத் தொடங்கினார். முப்பத்தொரு இடம். முடிக்க இரண்டு தேத்தண்ணி ஆனது.