செக்ரோலில் இருந்த பெயர்

2007ஆம் ஆண்டு பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பின்னும் எங்கள் மக்களின் நாவில் பத்தாங் பெர்ஜுந்தையாகவே நிலைத்திருக்கும் மலேசிய ஊருக்கு அருகில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் ஐந்து ஆண்டுகள் உதவி நிர்வாகியாக இருந்தேன். தொழிலாளர்களுக்கு நான் சின்ன துரை. அங்கே குலை வெட்டிய ஒருவரைக் காதலித்தேன். அவரும் என்னைக் காதலித்தார்.

தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் விடியற்காலைப் பெரட்டில், செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே குறியிடுவதும், வெட்டிய குலைகளைப் பார்த்துக் காய்க்குலைக்குக் கூலியில் பிடிப்பதும் என் வேலை. பழம் உதிரத் தொடங்கினால்தான் குலை பழுத்ததாகக் கணக்கு. ஒரு நாள் அவருடைய அடுக்கில் ஒரு பழம்கூட உதிராத மூன்று கருங்குலைகள் கிடந்தன. எழுதினேன். அன்றிரவு பங்களாவின் சமையற்கட்டு வழியாக வந்தவரின் உள்ளங்கையில் முறிந்திருந்த செம்பனை முள்ளை ஊசியால் எடுத்துக்கொண்டிருந்தபோது, "நீங்க எழுதினதுதான் சரிங்கய்யா. விட்டிருந்தா மத்தவங்க கண்ணுல பட்டிருக்கும்," என்றார். என் காதில் 'ஐயா' மட்டுமே நின்றது. தன் கூலியைப் பிடிக்கும் அதிகாரம் உள்ளவனிடம் ஒருவர் சொல்லும் 'சரி' எந்த அளவுக்கு அவருடையது என்ற கேள்வி அன்று முதல் என்னை விடவில்லை.

நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 377ஆ (377B) பிரிவு, ஆணும் ஆணும் உடலுறவு கொண்டால், இருவரும் மனமொப்பியிருந்தாலும், இருபது ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் என்கிறது. ஏட்டில் அது எங்கள் இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் வழக்கே இல்லாமல் வெறும் பேச்சு பரவினால்கூட, நான் வேலையை விட்டுப் பெட்டாலிங் ஜெயாவில் அப்பாவின் வீட்டிற்குத் திரும்பியிருப்பேன். அவருக்கோ தோட்டம் தந்த லயத்து வரிசை வீடு வேலையோடு சேர்ந்தது, வேலை போனால் தாயும் தங்கையும் சட்டி பானையோடு வெளியேற வேண்டும். கோலாலம்பூருக்குச் சேர்ந்து போகலாம் என்று நான் அழைத்தபோதெல்லாம் அவர் மறுத்ததைக் கோழைத்தனம் என்று எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்திற்காக இன்றும் வருந்துகிறேன்.

பிறகு அவர் லாரி உரிமம் எடுத்தார். கிள்ளானில் வேலை கிடைத்தது. முன்பணத்திற்கு நான் நீட்டிய பணத்தை வாங்க மறுத்து, தன் சேமிப்பிலேயே அடுக்குமாடி வீடொன்றை வாடகைக்கு எடுத்துத் தாயையும் தங்கையையும் அழைத்துக்கொண்டார். முதல் ஞாயிற்றுக்கிழமை மூன்று மாடி ஏறிக் கதவைத் தட்டினேன். தோளில் துண்டோடு திறந்தவர், என் பெயரைச் சொல்லி அழைத்து, "உள்ள வா. சாப்பிட்டியா?" என்றார்.