வாக்குச்சாவடி மேசையிலிருந்து பார்த்த தேர்தல் சட்டம்

அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்த காலத்தில் பல பொதுத்தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் பணியாற்றியிருக்கிறேன். 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்துதல் விதிகளும் எனக்குப் படிவங்களாகவும் உறைகளாகவும் அரக்கு முத்திரைகளாகவுமே அறிமுகமாயின. வாக்காளர் ஒருவர் மேசைக்கு எதிரே நின்று கேள்வி கேட்கும்போது, அலுவலர் தயங்காமல் பதில் சொல்ல முடிகிறதா என்பதை வைத்தே ஒரு சட்டத்திருத்தத்தை எடைபோடும் பழக்கம் அந்தப் பணியில்தான் எனக்கு வந்தது.

நல்ல கருவி கையில் இருந்தால் போதாது, அதற்குச் சட்டத்தில் இடமும் இருக்க வேண்டும் என்பதற்குக் கேரளத்தின் பரவூர்த் தொகுதியே சான்று. 1982இல் அங்கே 50 வாக்குச்சாவடிகளில் முதன்முறையாக மின்னணு வாக்குப்பதிவு இயந்திரங்கள் வைக்கப்பட்டன. தேர்தல் ஆணையத்தின் உத்தரவு இருந்ததே தவிர, சட்டத்தில் வாக்குச்சீட்டைத் தவிர வேறெதற்கும் இடமில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1984இல் அந்தச் சாவடிகளின் வாக்குப்பதிவு செல்லாது என்று தீர்ப்பாகி, மறுவாக்குப்பதிவில் முடிவே மாறியது. நாடாளுமன்றம் சட்டத்தில் 61ஏ பிரிவைச் சேர்த்து, அது 1989 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த பிறகுதான் இயந்திரத்துக்குச் சட்டத்தின் பலம் கிடைத்தது. எங்கள் பயிற்சி வகுப்புகளில் எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்று மணிக்கணக்கில் சொல்லிக்கொடுப்பார்கள். பரவூர்க் கதையை ஒருவரும் சொன்னதில்லை, சொல்லியிருக்கலாம்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு மொடக்குறிச்சி நினைவிருக்கும். 1996 சட்டமன்றத் தேர்தலில் அங்கே 1,033 பேர் களத்தில் நிற்க, வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சிட வேண்டியதாயிற்று. அதே ஆண்டு வந்த திருத்தம், சட்டமன்ற வேட்பாளரின் வைப்புத்தொகையை 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தியது. சுயேச்சைகளுக்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்றது. ஒருவர் இரண்டு தொகுதிகளுக்கு மேல் போட்டியிடத் தடை விதித்தது. பணமில்லாதவரை இது ஒதுக்கிவிடாதா என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் சாவடியில் அமர்ந்திருப்பவரின் கண்ணோட்டத்தில் அது தேவையான திருத்தம்தான்.

திருத்தங்களின் வெளிச்சம் போதிய அளவு படாத ஓர் இடம் உண்டு: விதி 49பி (49P) கூறும் ஆய்வுக்குரிய வாக்கு, அதாவது தம் பெயரில் வேறொருவர் ஏற்கெனவே வாக்களித்துவிட்டால் உரியவர் சீட்டில் இடும் வாக்கு. இரவுப் பணி முடித்து நேராக வரிசைக்கு வந்த இளைஞர் ஒருவரின் பெயருக்கு நேரே, 17ஏ பதிவேட்டில் அதற்கு முன்பே யாரோ கையெழுத்திட்டுச் சென்றிருந்தார்கள். அவருடைய அடையாள அட்டையிலோ முகத்திலோ சந்தேகத்துக்கு இடமில்லை. அழியா மை இல்லாத விரலை அவரே நீட்டிக் காட்டினார். விதிப்படி அவரை இயந்திரத்துக்கு அனுப்ப முடியாது. 17பி படிவத்தில் கையெழுத்து வாங்கி, பின்புறம் குறிப்பெழுதிய அச்சிட்ட வாக்குச்சீட்டையும் அம்புக்குறி முத்திரையையும் கொடுத்தேன். மறைவிடத்துக்குள் சென்று குத்தி, மடித்து என்னிடம் தந்தார். அதைத் தனி உறையில் இட்டபோது, "சார், இத எப்ப எண்ணுவீங்க?" என்று கேட்டார். "தம்பி, கேஸ் போட்டு கோர்ட் கேட்டாத்தான்" என்பதே உண்மையான பதில், அதைத்தான் சொன்னேன். முகவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அந்த உறை வாக்கு எண்ணிக்கையின்போது திறக்கப்படுவதில்லை. தேர்தல் வழக்கில் நீதிமன்றம் தேவையென்று கருதினால் மட்டுமே அதற்கு உயிர் வரும். ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில் 2008இல் ஒரே ஒரு வாக்கில் வெற்றி தோல்வி தீர்மானமானபோது, இத்தகைய வாக்குகளே வழக்கின் மையப்பொருளாகி உச்ச நீதிமன்றம் வரை சென்றன. வித்தியாசம் சில ஆயிரங்களாக இருந்துவிட்டால் அந்தச் சீட்டு யார் கண்ணிலும் படாது. ஆள்மாறாட்டம் செய்தவர் போட்ட வாக்கு எண்ணப்படுகிறது, உரியவரின் வாக்கு உறையிலேயே கிடக்கிறது. ரகசிய வாக்கெடுப்பில் கள்ள வாக்கைப் பிரித்தெடுக்க முடியாது என்ற நியாயம் எனக்குப் புரிகிறது. ஆயினும் ஒவ்வொரு தொகுதியிலும் இத்தகைய வாக்குகள் எத்தனை என்பதை முடிவுடன் சேர்த்து அறிவிக்கவும், குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டிய சாவடியில் தானாகவே விசாரணை நடக்கவும் சட்டம் வழிசெய்யலாம்.

ஒருவரின் அடையாளத்தை முகவர் ஆட்சேபிக்க விரும்பினால் கட்ட வேண்டிய தொகை இன்றும் 2 ரூபாய்தான். அதற்கு ரசீது எழுதும்போது சிரிப்பு வராத அலுவலர் இருந்தால் அவர் என்னைவிடப் பொறுமைசாலி. விதி 49எம்ஏ அதற்கு நேர்மாறானது. தாம் அழுத்தியது ஒன்று, இயந்திரம் அச்சிட்டுக் காட்டும் ஒப்புகைச் சீட்டில் தெரிந்தது வேறொன்று என்று புகார் சொல்பவரிடம், பொய்யென்று தெரிந்தால் தண்டனை உண்டு என எச்சரித்து எழுத்துமூலம் உறுதிமொழி பெற்று, முகவர்கள் முன்னிலையில் சோதனை வாக்கு இடச் செய்ய வேண்டும். பின்னே நீண்ட வரிசை நிற்கையில் அந்த எச்சரிக்கையைக் கேட்ட சாதாரண மனிதர் பெரும்பாலும் "விடுங்க சார்" என்று போய்விடுவார். பொய்ப் புகாரைத் தடுக்க எழுதிய வாசகம் மெய்ப் புகாரையும் தடுத்துவிடக்கூடும்.

தெளிவாக எழுதப்பட்ட பிரிவு எவ்வளவு துணையாக இருக்கும் என்பதற்கு 62ஆம் பிரிவைச் சொல்வேன். பட்டியலில் பெயர் இல்லாதவர் வாக்களிக்க முடியாது, அவ்வளவுதான். அடையாள அட்டையுடன் வந்து கோபப்படுபவருக்கு என்னால் உறுதியாக மறுப்புச் சொல்ல முடிந்தது அதனால்தான். 2021ஆம் ஆண்டின் திருத்தம், பெயர் சேர்ப்பதற்கான தகுதி நாளை ஜனவரி 1 என்ற ஒரே நாளிலிருந்து ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் நாள்களுக்கும் விரித்ததால், பதினெட்டு நிறைந்தும் பட்டியலுக்கு வெளியே நிற்கும் இளைஞர்கள் குறைய வழி பிறந்தது. மேசையில் நடக்கும் சச்சரவை அதன் பிறப்பிடத்திலேயே தீர்க்க முயன்ற திருத்தம் என்பதால் அதை நான் உயர்வாக மதிக்கிறேன்.

ஒவ்வொரு தலைமை அலுவலரும் வாக்குப்பதிவு முடிந்ததும் நாட்குறிப்பு ஒன்றை நிரப்பித் தருகிறார். ஆய்வுக்குரிய வாக்குகள், ஆட்சேபங்கள், இடையூறுகள் எல்லாம் அதில் உண்டு. மறுவாக்குப்பதிவு தேவையா என்று பார்த்த பிறகு அவை கட்டுக்கட்டாக அறைக்குள் போய்விடுகின்றன. அடுத்த திருத்த மசோதாவை எழுதுபவர்கள் அவற்றிலிருந்து ஒரு தொகுதிக்குரிய கட்டையாவது வரவழைத்துப் படிக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.