ரிப்போர்ட் போதாது, பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள்

அம்மாவின் பயாப்சி ரிப்போர்ட்டில் 'இன்வேசிவ் டக்டல் கார்சினோமா, கிரேடு 3' என்று இருந்தது. மார்பகப் புற்றுநோய். அதை மூன்றாம் ஸ்டேஜ் என்று படித்துவிட்டு அன்றிரவு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. மதுரையில் பார்த்த மருத்துவர்தான் புரியவைத்தார். செல்கள் எந்த அளவுக்கு உருமாறியிருக்கின்றன என்பது கிரேடு. நோய் எதுவரை போயிருக்கிறது என்பது ஸ்டேஜ். இன்வேசிவ் என்றால் பால்குழாயின் சுவரைத் தாண்டிப் பக்கத்துத் திசுவுக்குள் வந்துவிட்டது என்று பொருள். உடம்பெல்லாம் பரவிவிட்டது என்று பொருளல்ல.

சிக்கல் அடுத்த வரியில் இருந்தது: ஹெர்2, '2+'. ஹெர்2 என்பது புற்றுநோய்ச் செல்லை வளரத் தூண்டும் ஒரு புரதம். 3+ என்றால் பாசிட்டிவ். 0, 1+ என்றால் நெகட்டிவ். 2+ இரண்டுங்கெட்டான். ஹெர்2 மரபணு கூடுதலாக இருக்கிறதா என்று பார்க்கும் ஃபிஷ் பரிசோதனை செய்தால்தான் மருந்து முடிவாகும்.

அதற்கான திசுவைக் கேட்டு, பயாப்சி எடுத்த திண்டுக்கல் மருத்துவமனைக்கு ஓடினேன். "ரிப்போர்ட்தான் கொடுத்தாயிற்றே, இன்னும் என்னம்மா?" என்றார் ரெக்கார்டு பிரிவு ஊழியர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். இரண்டு மணி நேரம் கழித்து இரண்டு கண்ணாடி ஸ்லைடுகளை நீட்டினார். சாயம் ஏற்றிய ஸ்லைடு உதவாது, பயாப்சித் திசுவைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்தான் வேண்டும் என்று மதுரை லேபில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் மறுபடியும் திண்டுக்கல். அப்போதுதான் நோயாளி கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும் என்கிறார்! முதல் நாளே சொல்லியிருந்தால் என்ன?

மூன்றாவது நடையில் கிடைத்தது. தீப்பெட்டியைவிடச் சிறிய பிளாஸ்டிக் சட்டம். மெழுகுக்குள் வெளிறிய நூல் போல நான்கு கோடுகள். அம்மாவின் சிகிச்சையே இந்த நான்கு நூலில்தான் நின்றிருக்கிறது என்று நினைத்ததும் பஸ் ஸ்டாண்டிலேயே அழுதுவிட்டேன்.

ஃபிஷ் பாசிட்டிவ். கீமோவுடன், ஹெர்2-வைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்தும் சேர்ந்தது, கட்டி சுருங்கிய பிறகு அறுவை சிகிச்சை நடந்தது. பிளாக் வராமல் நெகட்டிவ் என்று விட்டிருந்தால் அந்த மருந்தே அம்மாவுக்குக் கிடைத்திருக்காது. ஊசி மூன்று வாரத்துக்கு ஒன்று, ஒரு வருடம். இந்தியத் தயாரிப்புகளும் உண்டு, விலை குறைவு, கூச்சப்படாமல் கேளுங்கள். இதயத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கிறார்கள். பழைய எக்கோ ரிப்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போனதில் எங்களுக்கு ஒரு ஊசி தள்ளிப்போனது.

பரிசோதனை முடிந்ததும் பிளாக்கைத் திரும்பக் கேட்டு வாங்கினேன். அதன் எண்ணைக் கைபேசியில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். பிளாக் பீரோவின் கீழ்த்தட்டில், வெயில் படாத இடத்தில் இருக்கிறது. மெழுகல்லவா, சூடு ஆகாது.