கூட்டல் குறியும் தோல் கணக்கும்

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் வட்டாரத்துத் தோல் கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுத வருகிறவர் முதலில் கூட்டலைக் கற்க வேண்டும் என்பேன். பதனிட்ட தோலை இங்கே சதுர அடியில் அளக்கிறார்கள். அளவு மெஷினிலிருந்து வெளிவரும் தோலின் பின்புறத்தில் ஓர் எண்ணை எழுதி, அதன் தலைமாட்டில் சின்னதாக இன்னோர் எண்ணைப் போடுவது பழைய வழக்கம். 12 எழுதி மேலே சின்ன 3 போட்டிருந்தால் பன்னிரண்டே முக்கால் சதுர அடி என்று பொருள். சின்ன எண் எத்தனை கால் என்பதைச் சொல்கிறது. 3க்கு மேல் அது போகாது.

இதையே கணினியில் 12.3 என்று தட்டினால் வந்தது வினை. 12.3ஐயும் 5.2ஐயும் கூட்டச் சொன்னால் 17.5 என்று பதில் வரும். ஸ்டோரில் நிற்பவரைக் கேளுங்கள்: பன்னிரண்டே முக்காலும் ஐந்தரையும் பதினெட்டே கால் என்று மனக்கணக்காகவே சொல்லிவிடுவார்.

பைத்தான் மொழியில் எனக்கு மிகவும் பிடித்த வசதி இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. + என்ற குறி அங்கே எண்களைக் கூட்டும், இரண்டு பட்டியல்களை ஒன்றாக்கும், எழுத்துச் சரங்களை ஒட்டும். நாம் எழுதும் கிளாஸுக்கு, அதாவது நாமே உருவாக்கும் தரவு வகைக்கு, அது என்ன செய்ய வேண்டும் என்பதை நாமே முடிவு செய்யலாம்; முன்னும் பின்னும் இரட்டை அடிக்கோடு போட்ட ‘ஆட்’ என்ற மெத்தடை, அதாவது கிளாஸுக்குள் இருக்கும் செயல்முறையை, எழுதினால் போதும். ஜாவா என்ற இன்னொரு நிரல்மொழியில் இந்த உரிமை நமக்குக் கிடையாது. எங்கள் ‘பரப்பு’ கிளாஸ் உள்ளுக்குள் எல்லாவற்றையும் கால் அடிகளாகவே வைத்துக்கொள்கிறது. பன்னிரண்டே முக்கால் என்பது 51 கால். ஐந்தரை என்பது 22 கால். கூட்டினால் 73. அச்சிடும்போது நான்கால் வகுத்து 18, மேலே சின்ன 1 என்று காட்டுகிறது. நிரலில் இருப்பது சாதாரண + குறிதான். அது ஸ்டோர்க்காரரின் கூட்டலைச் செய்கிறது.

ஒரு நுணுக்கம். ஒரு பட்டியலின் மொத்தத்தைத் தரும் பைத்தானின் ‘சம்’ பங்ஷன் 0 என்ற எண்ணில் தொடங்கிக் கூட்டிக்கொண்டு போகும். பூஜ்யத்துக்குப் ‘பரப்பு’ யார் என்று தெரியாது. அப்போது பைத்தான் வலப்பக்கத்தில் இருப்பதிடம் ‘ஆர்ஆட்’ என்ற வலப்பக்கக் கூட்டல் மெத்தட் உண்டா என்று கேட்கிறது. அதில் பூஜ்யத்தை மட்டும் அனுமதித்தோம். வேறு வெறும் எண் வந்தால் ‘நாட் இம்ப்ளிமென்டட்’ (இதை நான் செய்வதில்லை) என்று திருப்பி அனுப்புகிறோம்; ஏற்க வேறு ஆள் இல்லாததால் டைப் எரர், அதாவது வகை பொருந்தவில்லை என்ற பிழை, எழும்புகிறது. எழும்பட்டும். யாரோ 5 என்று போட்டிருக்கிறார்கள். அது ஐந்து சதுர அடியா, ஐந்து தோலா? ஊகித்துக் கூட்டுவதைவிட நிற்பது மேல்.

பரப்பு முடிந்ததும் லாட், அதாவது ஒன்றாகக் கணக்கு வைக்கும் தோல் தொகுதி, வந்தது. பேரணாம்பட்டில் ஒரு கம்பெனியின் ஸ்டோர் பொறுப்பாளரிடம், “பாய், இந்த இரண்டு லாட்டையும் கூட்டினால் என்னவென்று எழுதட்டும்?” என்று கேட்டேன்.

“எதற்குக் கூட்ட வேண்டும் தம்பி? ஒன்று வெட் ப்ளூ, இன்னொன்று க்ரஸ்ட். காய்ந்த பிறகு அதன் அளவே வேறு. செலக்ஷனும் வேறு. இரண்டையும் சேர்த்து ஒரு நம்பர் சொன்னால் முதலாளி எதை நம்பி ஆர்டர் எடுப்பார்?”

வெட் ப்ளூ என்பது குரோமில் பதனிட்டு இன்னும் ஈரமாக இருக்கும் தோல்; க்ரஸ்ட் என்பது அதற்குப் பிறகு காய்ந்த நிலை; செலக்ஷன் என்பது பிரித்த தரம். அவர் சொன்னதை அப்படியே நிரலாக்கினோம். நிலையும் செலக்ஷனும் ஒத்துப்போனால்தான் இரண்டு லாட்டுகள் கூடும்.

கழித்தலில் இதைவிடக் கவனம் தேவைப்பட்டது. வண்ணவாரியாகத் தோல் எண்ணிக்கையை வைக்கப் பைத்தானோடு வரும் ‘கவுண்டர்’ என்ற எண்ணிக்கை வைக்கும் கிளாஸ் மிக வசதியானது. ஆனால் அதில் - குறியைப் போட்டால், விடையில் பூஜ்யமும் அதற்குக் கீழே உள்ளவையும் உதிர்ந்துபோகும். கணக்கில் கறுப்பு 40. வெளியே போனது 43. - குறியின் விடையில் கறுப்பு என்ற வரியே இருக்காது. அதே கவுண்டரின் ‘சப்ட்ராக்ட்’ மெத்தட் -3 என்று காட்டும். ஒன்றுக்கு மேல் வரக்கூடிய உறுப்புகளின் தொகுப்பாகக் கவுண்டரைப் பார்த்தால் - குறி செய்வது நியாயமே. இல்லாததை எடுக்க முடியாது. தோல் கிடங்குக்கு அது ஒத்துவராது. அந்த -3 தான் நமக்கு வேண்டிய சேதி: வரவு ஒன்று பதிவாகாமல் கிடக்கிறது, அல்லது பழுப்பைக் கறுப்பென்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அதனால் கிடங்குக் கணக்கில் சப்ட்ராக்ட் மட்டுமே.

லாட்டுகளுக்கு < என்ற ‘இதைவிடச் சிறியது’ குறியை நாங்கள் எழுதவேயில்லை. புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், அதையும் எழுதிவிட்டால் பைத்தானின் ‘சார்ட்டட்’ என்ற ஒரே சொல்லில் வரிசைப்படுத்தலாமே என்றார். சிறிய லாட் எது என்று கம்பெனியில் கேட்டுப் பார்த்தோம். ஏற்றுமதிப் பிரிவு பரப்பைப் பார்த்தது. ஸ்டோர் வந்த தேதியைப் பார்த்தது. தரம் பிரிப்பவர் செலக்ஷனைப் பார்த்தார். மூவரும் அவரவர் வேலைக்குச் சரியாகவே சொன்னார்கள். ஆகவே வரிசைப்படுத்தும் ஒவ்வோர் இடத்திலும் எதன்படி என்பதைப் பெயர் சொல்லியே எழுதுகிறோம். அந்தத் தம்பியும் இப்போது அப்படித்தான் எழுதுகிறார்.